கையைத் தூக்கக் கூடாதென்று மட்டும் சொல்லவில்லை

1

ஒரு வாரமாக எனக்குப் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து போன் ஓய்ந்தபாடில்லை. எல்லாம் அந்த வீடியோவால் வந்த வினை. என் மகள் தாரணி இங்கே ஜெர்மனியில் தன்னந்தனியாக மேடையேறி வயலின் வாசித்ததை எடுக்கிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரர் எடுத்த வீடியோ அது. எடுத்தவர் சும்மா இருந்தாரா? சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அதில் தாரணி ஓரமாகக் கொஞ்சம் தெரிகிறாள். மற்றபடி திரை முழுக்கத் தெரிவது என் அண்ணன் நாச்சிமுத்துவின் கை. ஒரு கை இல்லை, போகப் போக ரெண்டு கை.

பெரியம்மா மகள் சரசு அக்கா முதல் ஆளாகக் கூப்பிட்டாள். “ஏனம்மணி, உங்கண்ணன் அங்க போயி எந்த பஸ்ஸை நிறுத்துறாரு?”

அடுத்து போன் செய்தவர் அங்கே ஏதாவது சண்டையா என்று கேட்டார். இன்னொருத்தர், அண்ணனுக்குக் குளிரில் கை விறைத்துக்கொண்டதா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார். ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோச்சு. சொல்லும்போதே சிரிப்பு வேறு வந்து தொலைக்கிறது.

2

தாரணி கைக்குழந்தையாக இருக்கும்போது இங்கே வந்தோம். என் வீட்டுக்காரருக்கு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. நான் ஒரு சலவைக் கடையின் மூலையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஊரார் பேண்ட்டுகளுக்கெல்லாம் நீளம் குறைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் எல்லாரும் நெட்டையாகத்தான் இருக்கிறார்கள், ஆனாலும் பேண்ட் மட்டும் எப்படி எல்லாருக்கும் நீளமாகவே அமைகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வயலின் எங்கள் வீட்டுக்குள் வந்தது நாங்கள் கூப்பிட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாத்தியம் இரவல் கொடுத்தார்கள். இவள் வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வருஷக் கடைசியில் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இது சாதாரணமாகப் போகிற சங்கதி இல்லை என்று.

பாட்டைப் படித்த அளவுக்கு அவள் தமிழைப் படிக்கவில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் பேசுவதைக் கேட்டுத்தான் அவள் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் எதைப் பார்த்தாலும் மரியாதைதான். “அம்மா, மழை வருதுங்க. பூனை சாப்பிட்டுட்டு போயிருச்சுங்க.” ஆனால் வயலினைத் தோளில் வைத்து எண்ணிக்கை போடும்போது ஐன்ஸ், ஸ்வை, ட்ரை என்று வாய்க்குள் ஜெர்மன்தான் ஓடும். கனவும் அதில்தானாம். கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பிள்ளையின் கனவுக்குள் வேறு பாஷை போய் உட்கார்ந்துகொண்டதே என்று அன்றைக்கு முழுக்க ஆத்திரமாக இருந்தது.

இசைக் கல்லூரியில் படித்து முடிக்க ஒரு தனிக் கச்சேரி வாசிக்க வேண்டும். பியானோ கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது, முன்னால் பார்த்து வாசிக்கத் தாளும் கிடையாது. அதுவும் சாதாரண உருப்படிகள் இல்லை. வயலின்காரர்கள் தங்கள் கைத்திறமையைக் காட்டுவதற்கென்றே அந்தக் காலத்தில் எழுதி வைத்தவை. ஒரே நேரத்தில் வில்லால் இழுத்து, இடது கை விரலாலேயே நரம்பைச் சுண்ட வேண்டும். கண்ணை மூடிக் கேட்டால் மூணு பேர் வாசிக்கிறார்கள் என்று சத்தியம் செய்வோம்.

அதில் கடைசி உருப்படி இருக்கிறதே, அதுதான் எங்கள் வீட்டுச் சனியன். மூச்சுவிடாமல் வெசையாக ஓடும். ஓடி ஓடி ஒரு இடத்துக்கு வரும். அங்கிருந்து ரெண்டு பாதை. முதல் தடவை வந்தால் திரும்ப ஆரம்பத்துக்குப் போக வேண்டும். ரெண்டாம் தடவை வந்தால் மேலே ஏறி முடிவுக்குப் போக வேண்டும். ரெண்டு பாதைக்கும் வித்தியாசம் ஒரே ஒரு விரல். போன வருஷம் இதே கச்சேரியில் அந்த இடத்துக்கு ரெண்டாம் தடவை வந்த தாரணி முதல் பாதையிலேயே திரும்பிவிட்டாள். திரும்பியது அவளுக்கே தெரிந்துபோச்சு. வில்லை இறக்கினாள். மேடையில் அப்படியே நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்லூரிச் சட்டம் ரொம்ப எளிது. தப்பு வரலாம், மார்க் குறையும். நடுவில் நிறுத்தினால் தோல்வி. இன்னொரு முறை மட்டும் வாசிக்கலாம். அதிலும் நிறுத்தினால் பட்டம் கிடையாது, அத்தனை வருஷப் படிப்பும் போச்சு. அதற்குப் பிறகு ரெண்டு மாதம் அவள் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. பெட்டி இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை. தாய்க்காரி நான் என்ன செய்வேன்? பெட்டியைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கினேன்.

3

இதையெல்லாம் போனில் அண்ணனிடம் சொல்லி அழுதேன். அண்ணனுக்குத் தென்னந்தோப்பு, நாலு மாடு, மேளப் பைத்தியம், இந்த மூணும்தான் உலகம். சீசன் வந்தால் பாலக்காட்டுக்கு மேற்கே எந்தக் கோயிலில் செண்டை கொட்டினாலும் ஆளை அங்கே பார்க்கலாம். முழுக்கக் கேட்டவர், “எப்ப மறுபடி வாசிக்கறா?” என்றார்.

“வர்ற மாசிலீங்ண்ணா.”

“நான் வாரேன்.”

“இங்கீங்களா?”

“பின்ன? பொண்ணு தனியா மேடை ஏறுறா. தாய்மாமன் இல்லாம எப்படி?”

தாய்மாமன் என்றால் நமக்குப் புரியும். தூதரகத்துக்கு யார் புரியவைப்பது? இங்கே வெளிநாட்டுக்காரர்களுக்கான அலுவலகத்தில் நான் அழைப்புப் பத்திரம் வாங்கப் போனேன். அங்கிருந்த அம்மா என்ன உறவு என்று கேட்டார். சொன்னேன். ஜெர்மனில் ஓன்கெல் என்று எழுதினார். அப்பாவின் தம்பிக்கும் அதே சொல், அத்தையின் புருஷனுக்கும் அதே சொல். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனிடம் சொன்னதும் கொதித்துப்போனார். “வெறும் அங்கிளா? எதுத்த ஊட்டுக்காரனும் அங்கிளுதான். தாய்மாமன்னு எழுதச் சொல்லு அம்மணி!”

அங்கே அவருக்கும் அலைச்சல்தான். தோப்பு அவருடையதுதான் என்று வில்லேஜ் ஆப்பீஸில் அபேக்ஷை என்று மனுக் கொடுத்து மலையாளத்தில் சர்ட்டிபிக்கட்டு வாங்கி, அதை இங்கிலீஷில் மாற்றி, ஒப்புப் போட்டு, முத்திரை குத்தி எடுத்துப் போனார். நேர்காணலில் ஒரு கேள்வி கேட்டார்களாம். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

“நாலு மாடு கறக்கோணுங்க. நான் எங்கீங்க போவேன்?” என்றாராம் அண்ணன்.

விசா கிடைத்துவிட்டது. மாடுகள் வாழ்க.

4

வந்து இறங்கியவர் வேட்டிக்குள்ளே கம்பளிப் பேண்ட், மேலே என் வீட்டுக்காரரின் கோட்டு, தலைக்கு மப்ளர் என்று பார்க்கவே ஒரு தினுசாக இருந்தார். தாரணி அவரைக் கடைசியாகப் பார்த்தது பத்து வயதில். கொழிஞ்சாம்பாறை என்றால் அவள் ஞாபகத்தில் வெயில், கொசு, அண்ணன் வீட்டு எருமை, அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசுவதென்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

எங்கள் குடியிருப்பில் மதியம் சத்தம் போடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மூச்சே விடக் கூடாது. அதனால் வயலினில் நரம்பைத் தாங்குகிற பாலத்தில் ஒரு ரப்பர் மாட்டிச் சத்தத்தை அமுக்கித்தான் வாசிப்பாள். அண்ணன் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என்னிடம் ரகசியமாக, “கூட யாருமே இல்லையா?” என்றார்.

“இல்லீங்ண்ணா. தனிக் கச்சேரி.”

“ஒரு செண்டை? ஒரு தாளம்? ஒரு கொம்பு?”

“ஒண்ணுமில்லீங்ண்ணா.”

“அட சாமி! அத்தனை பெரிய காலேஜுல ஒரு தாளக்காரனுக்கு வக்கில்லையா? சின்னப் புள்ளையை ஒத்தையா மேல ஏத்திவுட்டுப் போட்டு மத்தவங்கெல்லாம் கீழ குக்கி உக்காந்துக்கிட்டுப் பாப்பாங்களாமா? என்ன ஊருடா இது!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் அவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். அங்கே கை தட்டக் கூடாதுங்ண்ணா, முழுசாக முடிந்த பிறகுதான் தட்டணும். இருமக் கூடாது. போன் கூடாது. சபாஷ் சொல்லக் கூடாது. தாளம் போடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது. கடலைமிட்டாய் பிரிக்கக் கூடாது.

“அப்பறம் எதுக்கம்மணி போறது?” என்றார் அண்ணன்.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் அண்ணன் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் கடைசிவரை காப்பாற்றினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கையைத் தூக்காதீங்க என்று மட்டும் நான் சொல்லவில்லை. யாருக்குத் தோணும்?

5

மேளம் கேட்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவான பூரங்களில் செண்டை மேளம் என்றால் நூறு பேர் நின்று கொட்டுவார்கள், ஆயிரம் பேர் எதிரே நின்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் சும்மா கேட்பதில்லை. மேளம் ஒரு சுத்து சுத்தி வந்து முடிகிற இடத்தில் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி வீசும். அடுத்த சுத்து இன்னும் வெசையாக வரும், கை இன்னும் உயரப் போகும். நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயதில் அண்ணன் என்னை மொபெட்டில் உட்காரவைத்துப் பாலக்காட்டுச் சித்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பூரத்துக்குக் கூட்டிப்போனார். கொளுத்துகிற வெயிலில் மூணு மணி நேரம் நின்றார். ஐஸ் வாங்கித் தர்றேன் என்று சொன்னது மறந்துபோச்சு, நான் பக்கத்தில் நிற்பது மறந்துபோச்சு. கையை மட்டும் தூக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த மேளம் ஒரு அடிகூட ஞாபகம் இல்லை, வராத ஐஸ்தான் ஞாபகம்.

சரி, கச்சேரிக்கு வருவோம்.

மரத்தால் இழைத்த பழைய மண்டபம். இந்த ஊரில் முதல் வரிசையில் யாரும் உட்கார மாட்டார்கள், ஏனென்று கேட்டால் காரணம் தெரியாது. நாங்களும் மூணாவது வரிசைக்குப் போனோம். திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். முதல் வரிசை, நட்டநடு நாற்காலி, தலையில் மப்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். “மாமன் பின்னால உக்காந்தா நல்லாருக்குமா?” என்று அங்கிருந்தே கேட்டார். எங்களுக்குப் பின்னால் கையில் பென்சிலோடு பரீட்சை எடுக்க வந்த மூணு பேராசிரியர்கள். அதில் வெள்ளைத் தாடிக்காரர்தான் போன வருஷமும் இருந்தவர்.

தாரணி வந்தாள். கறுப்புப் பட்டில் சாதாரணக் கவுன். குனிந்து வணங்கினாள். முதல் உருப்படி நிதானமானது, நாலு நரம்பையும் சேர்த்து இழுத்து மண்டபத்தையே நிறைத்தாள். ரெண்டாவது, அந்தச் சுண்டி வாசிக்கிற கூத்து. அண்ணன் கழுத்தை நீட்டி அவளுடைய இடது கைக்குக் கீழே வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தார். ஒரு தப்பு இல்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்து ஊற்றியது. நல்லது நடக்க நடக்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது, ஏனென்றால் அடுத்தது அதுதான்.

ஆரம்பித்தாள். ஓடினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது, முதல் தடவை, சரியாக ஆரம்பத்துக்குத் திரும்பினாள். மறுபடி ஓடினாள். மறுபடி அந்த இடம். இப்போது மேலே போகணும். மேலே, மேலே என்று எனக்கு வாய்க்குள்ளேயே முனகல். அவள் ஆரம்பத்துக்குத் திரும்பிவிட்டாள்.

இந்த உருப்படியை வெங்காயம் அரியும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தாரணி கண்ணைத் திறந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போய், போன வருஷம் பார்த்த அதே முகம். வில் இதோ இறங்கப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அண்ணன் கை மேலே போனது.

அண்ணனுக்கு என்ன தெரியும்? அதே சுத்து மறுபடி வருது, பலே, இன்னும் வெசையான அடுத்த காலம் ஆரம்பம், அவ்வளவுதான். மேளம் கேட்டு வளர்ந்த கைக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தமில்லை, தாளமில்லை, வாக்குத் தவறவில்லை. தலைக்கு மேலே கை மட்டும் எழும்பி எழும்பி விழுகிறது. கோட்டு தோளில் இருந்து நழுவுகிறது. நாற்காலியிலேயே ஆள் எம்புகிறார்.

எட்டி அவர் கோட்டைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று பார்த்தேன், நடுவில் ஒரு வரிசை இருந்தது. அம்மா தாயே, இந்த ஒரு நாள் இந்த மனுஷன் கையைக் கட்டிப்போடு என்று நான் வேண்டாத சாமி இல்லை.

தாரணி அந்தக் கையைப் பார்த்தாள். கண் விரிந்தது. உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று எனக்குப் பகீரென்றது. இல்லை, சிரிக்கிறாள்! வாசித்துக்கொண்டே சிரிக்கிறாள். வில் இறங்கவில்லை. ஓட்டம் கூடியது. அந்த இடத்துக்கு மறுபடி வந்தாள். போ, மேலே போ!

மறுபடியும் ஆரம்பத்துக்கே திரும்பினாள்.

முடிஞ்சுது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணனோ ரெண்டாவது கையையும் தூக்கிவிட்டார். கண்ணை மூடியவளுக்குக் காது மூடவில்லையே. கேட்டேன். அந்தச் சுத்து மாதிரி அவள் வாசித்து நான் கேட்டதில்லை. வீட்டில் ரப்பர் மாட்டி அமுக்கி அமுக்கி வாசித்ததெல்லாம் சேர்ந்து வெளியே கொட்டுகிறது. மறுபடி அந்த இடம். ஒரு விரல். மேலே ஏறினாள். ஏறி, ஏறி, உச்சியில் போய் ஒரு இழுப்பு இழுத்து வில்லைக் காற்றில் வீசி நிறுத்தினாள்.

“ஹோய்!” என்று எழுந்து நின்றார் அண்ணன். முடிந்த பிறகுதான் எழுந்தார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மண்டபம் ஒரு நொடி திகைத்து அப்புறம் கைதட்டலில் அதிர்ந்தது. பின் வரிசையில் இவளோடு படிக்கிற பையன்கள் ரெண்டு பேர் அண்ணனைப் பார்த்துத் தாங்களும் கையைத் தூக்கி வீசினார்கள்.

6

பேராசிரியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நாங்கள் நடைபாதையில் நின்றோம். அண்ணன் ஒன்றும் அறியாதவராக, “நல்லா வெசையா கொண்டுபோனா, ஆனா இன்னும் ரெண்டு சுத்து போட்டிருக்கலாம்” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “அண்ணா, அது சுத்து இல்லீங்ண்ணா, புள்ள வழி தெரியாம மாட்டிக்கிட்டு நின்னா” என்று கத்தப் போனேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அந்த மனுஷன் அதற்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறார்.

தாரணியை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. வெள்ளைத் தாடிக்காரர் கேட்டது எனக்குக் கேட்டது. கடைசி உருப்படியில் அந்தப் பகுதியை அதிகமாக ரெண்டு முறை வாசித்தீர்களே, எந்தப் பதிப்பில் அப்படி இருக்கிறது?

அவள் என்ன சொன்னாளோ தெரியவில்லை. பிறகு ஒரு சிரிப்பு, அடுத்து இன்னொரு சிரிப்பு, கடைசியில் மூணு பேரும் சிரிக்கிற சத்தம். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையும் வேர்த்திருந்தது. அப்போ இவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது, கள்ளன்.

தாரணி வெளியே வந்தாள். “பாஸ்” என்றாள். “மார்க் கொஞ்சம் கொறைச்சுட்டாங்க. வர்ற மாசம் பெரிய மண்டபத்துல இன்னொரு தடவை வாசிக்கிறியான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேனுங்க.”

போன வருஷம் மேடை என்ற சொல்லையே வீட்டில் பேசவிடாதவள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “உள்ள என்னடி சொன்னே? எதுக்குச் சிரிச்சாங்க?” என்று கேட்டேன்.

“உள்ளதைத்தான் சொன்னேன். ஒரு தடவை தொலைஞ்சு போனேன்னு.”

“ஒரு தடவையா? ரெண்டு தடவை போனியே! நான் எண்ணிக்கிட்டுதானே இருந்தேன், ஈரக்குலை நடுங்க!”

“இல்லம்மா, முதல் தடவைதான் தொலைஞ்சேன். அடுத்ததுல வழி தெரிஞ்சுதுங்க.” அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் மப்ளரைச் சரி செய்துகொண்டிருந்தார். “மாமா அவ்வளவு குஷியா கையைத் தூக்கிட்டு இருந்தாங்க. எனக்கும் ஆசையா இருந்துச்சு. அதனால இன்னொரு சுத்து வாசிச்சேனுங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டு முடிஞ்சுது கதை என்று செத்துப் பிழைத்த நேரத்தில், இந்தக் கழுதை அத்தனை வருஷப் படிப்பையும் கையில் வைத்துக்கொண்டு ஆசைக்கு ஒரு சுத்து போயிருக்கிறாள்! அடிப்பதா, கட்டிப்பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு அப்படியே கட்டிக்கொண்டேன்.